தண்ணீர் ஒத்துக்கொள்ளாத பவளம்

கேம்பல் பே ஊரில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். 1969-ம் ஆண்டு முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. பஞ்சாபிலிருந்து வந்தார்கள், மராட்டியத்திலிருந்து வந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். காட்டைத் திருத்தித் தென்னை வைத்தார்கள். கோவிந்த நகர், விஜய நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. புது ஊருக்குப் போய் உடம்பு படுத்தினால் நம்மவர்கள் முதலில் சொல்வது, "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதுதான். மருத்துவர் என்ன சொன்னாலும் வீட்டிலுள்ள பாட்டி சொல்வது அதுவே.

இந்தக் கிரேட் நிக்கோபார் தீவில் இன்னொரு குடிமாற்றத்துக்கும் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. மாறப்போவது மனிதர்கள் அல்ல, பவளங்கள். தீவின் தெற்கே உள்ள கலாத்தியா வளைகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்கும் பெருந்திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 நவம்பரில் அனுமதி அளித்தது. அங்கே கணக்கெடுக்கப்பட்ட பவளக் கூட்டங்கள் 20,668. அவற்றில் 16,150 கூட்டங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் வைப்பது என்பது ஏற்பாடு. இந்த எண்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவிலேயே இருக்கின்றன.

பெயர்த்து வைத்த பவளம் புது வீட்டில் எப்படி இருக்கும்? வாடினால் ஏன் வாடுகிறது? இந்தக் கேள்வியோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பவர்கள் சிலர் உலகில் இருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல்நீர் ஊற்றிப் பவளம் வளர்ப்பவர்கள் அவர்கள். கடலில் பல மாதம் கழித்துத் தெரியவரும் தவறு தொட்டியில் இரண்டே நாளில் தெரிந்துவிடும். ஆகவே அவர்கள் பட்ட பாடு மற்றவர்களுக்குப் பாடமாகிறது.

வாளியில் வராது

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேம்பல் பே கடலோரத்தில் கிடக்கும் பவளத்தை எடுத்து வீட்டுத் தொட்டியில் வைக்கலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 ஜூலையில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவதும் சட்டப்படி தவறுதான்.

சட்டம் கிடக்கட்டும், நடைமுறையிலும் அது நடக்காத காரியம். பவளத்தை வாளி நீரில் போட்டு வைத்தால் சீக்கிரமே வாளி நாறும். வெளிநாடுகளில் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் பண்ணையில் துண்டு போட்டு வளர்த்த பவளத்தைத்தான் வாங்கி வைக்கிறார்கள். இந்தக் கலைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஓர் ஆசியர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியில் பவளம் வாழ வைத்ததை 1961-ம் ஆண்டில் எழுதினார். பாறையில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பதே அவர் கண்ட சூட்சுமம்.

செடியா, பிராணியா, கல்லா?

நகைக் கடையில் விற்கும் சிவப்புப் பவளத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களிலிருந்து வரும் வேறு இனம். நிக்கோபார் கடலில் பாறை கட்டுவது கடுகு முதல் கட்டை விரல் வரை பருமனுள்ள மெல்லிய பிராணி. ஆயிரக்கணக்கில் ஒட்டிப் பிறந்து ஒரே கூட்டமாக வாழும். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் அடியில் எலும்பாகக் கட்டிக்கொள்ளும். ராமேசுவரம் பக்கத்தில் முருகைக்கல் என்று சொல்வது இந்த எலும்பைத்தான்.

இந்தப் பிராணியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் தொண்ணூறு சதவீதம் வரை இந்தப் பாசியே கொடுத்துவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. பதிலுக்குப் பாசிக்கு இருக்க இடமும் உரமும் கிடைக்கின்றன. வாடகைக்குப் பதில் சமையல் செய்து போடும் குடித்தனக்காரர் மாதிரி! பவளத்தின் பழுப்பு நிறத்தில் பெரும்பங்கு இந்தப் பாசியால் வருவது. அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்க முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

வெளுப்பு வேறு, உரிவது வேறு

புதிதாகத் தொட்டி வைத்தவர் ஒரு நாள் காலையில் பார்க்கிறார். பவளம் வெள்ளையாக இருக்கிறது. "செத்துவிட்டது" என்று எடுத்து எறிந்துவிடுகிறார். பாதி நேரம் இது அவசரப்பட்ட காரியம்.

பூதக் கண்ணாடி வைத்து உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளை எலும்பின் மேல் கண்ணாடித் தாள் போல மெல்லிய சதை இருக்கிறதா? இரவில் சின்னஞ்சிறு விரல்கள் வெளியே நீள்கின்றனவா? அப்படியானால் உயிர் இருக்கிறது. உள்ளே இருந்த பாசி மட்டும் வெளியேறிவிட்டது. இதுதான் வெளுப்பு நோய். சூடு மிகுந்தாலோ, வெளிச்சம் திடீரென்று கூடினாலோ வரும். காரணத்தை நீக்கினால் சில வாரங்களில் பாசி திரும்பி வரலாம், நிறமும் வரும். அதுவரை பவளம் அரைப் பட்டினி. பொடியாக்கிய இரையைச் சிறிதளவு கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

சதையே போய், எலும்பு மட்டும் பளிச்சென்று நிற்குமானால் அது வேறு சங்கதி. அடியிலிருந்தோ, நுனியிலிருந்தோ சதை உரிந்துகொண்டு வரும். கிளைப் பவளங்களில் ஒரே நாளில் முழுக் கிளையும் உரிந்துபோவது உண்டு. உரிந்த இடத்தில் பச்சைப் பாசி படர்ந்துவிட்டால் அந்தப் பகுதி பிழைக்காது. உரியும் கோட்டுக்கு அப்பால் நல்ல சதை மிச்சமிருந்தால், அந்தக் கிளையை ஒடித்து வேறு கல்லில் ஒட்டி வைப்பதே கடைசி வைத்தியம். புயலில் விழுந்த முருங்கையில் ஒரு போத்தை வெட்டி நட்டுப் பிழைக்க வைப்பது போலத்தான்.

மூன்றாவது அடையாளம், பவளம் அழுக்குப் பழுப்பாக மாறுவது. புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் இதைக் கண்டு கலங்குவதில்லை, "நிறம் மாறுகிறது" என்று விட்டுவிடுவார்கள். வெளிச்சம் போதவில்லை அல்லது தண்ணீரில் கழிவு மிகுந்துவிட்டது, அதனால் உள்ளே பாசி அளவுக்கு மேல் பெருகிவிட்டது என்பது அதன் பொருள்.

வந்த முதல் இரண்டு மூன்று நாள் பவளம் மூடிக்கொண்டு கிடந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. புது இடம். ஒரு வாரம் கழிந்தும் திறக்கவில்லை என்றால் விசாரிக்க வேண்டும்.

விசாரணை தண்ணீரிலிருந்து

எங்கே தொடங்குவது? அனுபவசாலிகள் பவளத்தைக் கையில் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். பாட்டி சொன்னதேதான்.

முதல் சோதனை மிகவும் மலிவானது, வெப்பமானி. 25 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. பகலில் 30-க்குப் போய் இரவில் 25-க்கு இறங்கும் தொட்டியைவிட, நாள் முழுதும் 27-லேயே நிற்கும் தொட்டி மேல். நம் ஊர்க் கோடையில் விளக்குச் சூடும் பம்புச் சூடும் சேர்ந்து தண்ணீரைக் காய்ச்சிவிடும். மேலே ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறையும்.

மின்விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மீண்டும் உப்புநீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நாளுக்கு இரண்டு லிட்டர் குறைகிறது. அதற்கு ஈடாக உப்புநீர் ஊற்றினால் நாளுக்கு 70 கிராம் உப்பு கூடும். பத்தே நாளில் லிட்டருக்கு 42 கிராம் ஆகிவிடும்! பார்வைக்குத் தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். பவளம் சுருண்டு கிடக்கும். குறையும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்தச் சுத்த நீரும் குழாயிலிருந்து நேரே பிடித்ததாக இருக்கக் கூடாது. குளோரினும் செம்பும் பவளத்துக்கு நஞ்சு. உப்பளவு காட்டும் கருவியே தவறாகக் காட்டுவதும் உண்டு. தெரிந்த அளவு உப்புள்ள நீரைக் கொண்டு அதையும் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அமோனியா. புதுத் தொட்டியின் பெரிய எதிரி இதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகினால் அமோனியா உண்டாகும். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்னால் பவளத்தை வைத்தால் சாக்கடை இல்லாத வீட்டில் குடிபுகுந்த கதைதான். அமோனியாவும் நைட்ரைட்டும் துளிகூட இல்லை என்று சோதனை காட்டிய பிறகே முதல் உயிரை விட வேண்டும். அப்போதும் மென்மையான பவளங்களில் தொடங்குவது நல்லது. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும் என்று தேர்ந்தவர்கள் சொல்வார்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்க எத்தனை பேரால் முடிகிறது என்பது வேறு கேள்வி.

பிறகு சுண்ணாம்புக் கணக்கு. எலும்பு கட்டப் பவளத்துக்குக் கால்சியம் வேண்டும், லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை. அதோடு கார்பனேட்டும் வேண்டும். இதைக் காரத்தன்மை என்று அளக்கிறார்கள். இயற்கைக் கடல்நீரில் ஜெர்மன் அளவையில் ஏறக்குறைய ஏழு இருக்கும். தொட்டியில் ஏழிலிருந்து ஒன்பது வரை வைத்துக்கொள்கிறார்கள். ஏழா, ஒன்பதா என்பதைப் பற்றிப் பவளம் அதிகம் கவலைப்படுவதில்லை. இன்று ஏழு, நாளை பத்து, மறுநாள் எட்டு என்று ஆடினால்தான் சதை உரிகிறது. குறைந்திருந்தால் நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றாமல் மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். பாட்டிலில் விற்கும் மருந்துகளை ஒரே நாளில் நாலைந்து ஊற்றியவரின் தொட்டியில் எதனால் நன்மை, எதனால் தீமை என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பிறகு சில நாள் பொறுமை.

தண்ணீர் அளவுக்கு மேல் சுத்தமாக இருந்தாலும் வம்புதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத புதுத் தொட்டியில் பவளம் பட்டினியால் வெளிறும். கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை.

விளக்கும் நீரோட்டமும்

தண்ணீர்ச் சோதனைகள் எல்லாம் சரி, ஆனாலும் மேல்புறம் மட்டும் வெளுக்கிறது என்றால் விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்கு மங்கலான நீலமாகத் தோன்றினாலும் பவளத்துக்குக் கடும் வெயில். புதிதாக வந்ததைத் தொட்டியின் அடியில் வைத்து, விளக்கையும் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

நீரோட்டம் போதவில்லை என்றால் பவளத்தின் மேல் தூசும் கோழையும் படியும். ஒரே திசையில் பீச்சியடித்தால் சதை கிழியும். கடலில் அலை முன்னும் பின்னும் ஆடுவதைப் போல ஓட்டம் மாறி மாறி வர வேண்டும்.

அக்கம்பக்கச் சண்டையும் உண்டு! சில பவளங்கள் இரவில் நீண்ட கொடுக்குகளை வீசிப் பக்கத்திலிருப்பதைப் பொசுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு பார்த்தால் இந்தச் சண்டையும் தெரியும், பவளத்தைத் தின்னும் தட்டைப் புழுவும் அகப்படும்.

கடலில் திருகுமுள் இல்லை

தொட்டிக்காரர் விளக்கைக் குறைக்கலாம், விசிறியைப் போடலாம், பத்து லிட்டர் தண்ணீரை மாற்றலாம். கடலில் வைத்த பவளத்துக்கு அப்படிச் செய்ய யாரும் இல்லை. வைக்கும் இடத்தைத் தேர்வதோடு மனிதர் கை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

நிக்கோபார்க் கடல் தன் பவளங்களைத் தானே பலமுறை சோதித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபார் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. அதே நாளில் வடக்கு அந்தமானில் கடலடி உயர்ந்து, பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் காய்ந்து செத்தன. இருந்த இடத்திலேயே இருந்தும் ஆழம் மாறியதால் வந்த வினை அது. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. 2016-ம் ஆண்டிலும் வெளுப்பு வந்தது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே போதும் என்பது தொட்டிக்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு.

பவளத்தைப் பெயர்த்து நடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002-ம் ஆண்டு முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகிறார்கள். மும்பையில் கடலோரச் சாலைத் திட்டத்துக்காக 2020 நவம்பரில் 18 சிறு கூட்டங்கள் இடம் மாற்றப்பட்டன. பதினெட்டுக்கும் பதினாறாயிரத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சம் அல்ல.

கலாத்தியாவிலிருந்து பெயர்க்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொட்டிக்காரர் கேட்கும் அதே கேள்விகள் உண்டு. ஆறு மீட்டர் ஆழத்தில் இருந்ததை இரண்டு மீட்டரில் வைத்தால் வெயிலில் வெளுக்கும். ஆழத்தில் வைத்தால் பட்டினி கிடக்கும். அலை அடித்த இடத்தில் பழகியதைத் தேங்கிய நீரில் வைத்தால் தூசு படியும். ஏப்ரல், மே சூட்டுக்குச் சற்று முன்னால் நட்டால் காயம் ஆறும் முன்னே அடுத்த அடி விழும். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பவளங்களோடு இடச் சண்டையும் வரும். இவையெல்லாம் பார்த்துச் செய்யக்கூடியவை, கடினம்தான் என்றாலும்.

இடம் மாறாமல் அங்கேயே இருக்கப்போகும் 4,518 கூட்டங்களின் கதை வேறு. அவற்றுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றிக் குறிப்பு இல்லை என்பதையும் தீர்ப்பாயத்தின் அதே உத்தரவு எடுத்துக் காட்டியது. துறைமுகத்துக்காகக் கடலடியைத் தோண்டினால் சேறு கலங்கும். பவளம் கோழை சுரந்து சேற்றைத் தள்ளிவிடப் பார்க்கும். அதற்குச் சக்தி செலவாகும். அந்தச் சக்தியைக் கொடுக்கும் பாசிக்குக் கலங்கல் நீரில் வெளிச்சமும் குறையும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? அவை வீடு மாறவில்லைதான். ஆனால் அவற்றுக்கும் தண்ணீர் மாறிவிடும்.

தொட்டி வைத்தவர் முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை என்று நோட்டுப் புத்தகத்தில் வெப்பம், உப்பு, நிறம் எல்லாம் எழுதி வைக்கிறார். நட்ட பவளம் மூன்றாம் மாதத்தில் நன்றாக இருந்து பதினோராம் மாதத்தில் உரிந்ததும் உண்டு. கலாத்தியாவிலிருந்து பெயர்த்த கூட்டங்களைப் புது இடத்தில் முங்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, நட்ட மாதமும் அடுத்த ஏப்ரலும் அதற்கடுத்த ஏப்ரலும் எழுதி வைக்கும் நோட்டு எங்கே இருக்கும், அதைக் கேம்பல் பேவாசிகள் கேட்டால் காட்டுவார்களா என்பதுதான் இந்த ஊர்க்காரர்கள் இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.